பெரியவள் புட்டிங்

சின்னவள் இரண்டு கைகளையும் ஐஸ் தண்ணீரில் அமுக்கி வைத்திருந்தாள். விரல்கள் மரத்துப்போகும் வரை எடுக்கக் கூடாது. அவள் கைச்சூட்டுக்குக் கிரீம் நிற்காது என்று பெரியவள் என்றைக்கோ சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கிரீம் அடிப்பதற்கு முன்னால் இந்தத் தண்டனை உண்டு. புட்டிங் செய்வதற்காகக் கையை ஐஸில் போட்டுக்கொள்கிற பெண் இந்த ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிவிட்டுக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அதில் அவள் அக்கா, போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அளவுக்கு இளைத்துக் கிடந்தாள். காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு அத்தானை வாசலுக்குக் கூப்பிட்டாள். "இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம் சார். கேக்கறதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அத்தான் உள்ளே வந்து கட்டிலருகில் குனிந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"புட்டிங்" என்றாள் பெரியவள். கண்ணை மெல்லத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். "நீ செய்."

சின்னவள் தயங்கினாள். காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் புட்டிங் என்றாலே பெரியவள்தான். பிஸ்கட் ஓர் அடுக்கு, கிரீம் ஓர் அடுக்கு, அன்னாசி ஓர் அடுக்கு. அடுப்பில் வைத்துச் சுடுகிற வேலை இல்லை. அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் தானாக இறுகிவிடும். யார் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கண்ணாடித் தட்டில் அது போய் இறங்கும். கத்தியால் வெட்டினால் வெட்டின இடம் சுவர் மாதிரி நிற்கும். 'பெரியவ புட்டிங் வந்துடுச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் பந்தியிலேயே உட்காருவார்கள்.

அதையே சின்னவள் செய்தால் கிரீம் தளர்ந்து ஓடும். போதாததற்குக் கசக்கும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் பெருமையாகச் செய்து வைத்தாள். மாமனார் ஒரு வாய் எடுத்துவிட்டு, "மருந்து ஏதாவது கலந்திருக்கா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தால், அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னாள். கிரீம் பழசு. ஃபிரிட்ஜ் சரியில்லை. உன் கைச்சூடு அப்படி. சின்னவளும் விடவில்லை. கிரீமை மாற்றினாள், ஃபிரிட்ஜைக்கூட மாற்றினாள். அப்போது பெரியவள் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். பிள்ளைகள் அவளுக்குக் கசப்புச் சித்தி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

போனைத் தட்டினால் ஆயிரம் பேர் புட்டிங் செய்யச் சொல்லித் தருவார்கள். ஆனால் கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது ஊரானிடம் போய்க் கேட்பதா என்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த அக்கா இன்றைக்கு, இந்த நிலைமையில், உன் கையால் வேண்டும் என்கிறாள். இந்த ஒரு தடவையாவது அது சரியாக வர வேண்டும். அக்கா ஒரு வாய் சாப்பிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் சின்னவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"அன்னாசியைப் பச்சையா நறுக்கிப் போடு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. நூல் மாதிரி இழுத்த குரல். "அடுப்புல வெக்காத. சத்துப் போயிடும்."

"தெரியும்க்கா. நீ பேசாம படு."

கிரீம் நன்றாகவே எழும்பி வந்தது. கெட்டிப் பாலை ஊற்றி, வெந்நீரில் கரைத்த ஜெலட்டினைச் சேர்த்துக் கலக்கினாள். பழத்தைத் தோல் சீவி, கண் எடுத்து, பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் குவித்தாள். அப்போது மருந்துக் கடைக்குப் போயிருந்த பெரியவளின் மகள் திரும்பி வந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள். அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மருந்துப் பையை மேடையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன சித்தி, பழத்தை இன்னும் வேக வெக்கலையா?"

"வேக வெக்கணுமா?"

"சர்க்கரை போட்டுக் கொதிக்க விடணும்ல. பச்சை அன்னாசி பட்டா கிரீம் கசந்துடும், ஜெலட்டினும் பிடிக்காது. நான் ஸ்கூல் படிக்கும்போதே அம்மா சொல்லிக் குடுத்தாங்க." சொல்லிக்கொண்டே வாணலியை எடுத்தவள், சித்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "ஏன், உங்களுக்குச் சொன்னதில்லையா?"

சின்னவள் கத்தியைக் கழுவினாள். கழுவின கத்தியையே மறுபடி கழுவினாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அவளும் கசப்புச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தானே. வாணலியைச் சத்தமில்லாமல் அடுப்பின் மேல் வைத்துவிட்டு, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு கொதி. அவ்வளவுதான் விஷயம். அதை மறைத்து வைத்துக்கொண்டு, கிரீம் என்றும் ஃபிரிட்ஜ் என்றும் கைச்சூடு என்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி இத்தனை வருஷம் ஏற்றியிருக்கிறாள். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஊரார் பார்வையையெல்லாம் சோதித்து அனுப்புகிறவளுக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை. அக்காவுக்கு என்ன குறை? வீடு இல்லையா, தங்கமான புருஷன் இல்லையா, படித்த மகள் இல்லையா? தங்கை தட்டில் புட்டிங் நின்றுவிட்டால் இவள் தட்டில் என்ன குறைந்துவிடும்? போய்த் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. உலுக்குவதற்குத் தோள் என்று ஒன்று அங்கே மிச்சம் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அத்தான் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. சின்னவள் கட்டிலருகில் குனிந்தாள். அக்காவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள், சத்தியமாக.

"அக்கா, பழத்தைப் பச்சையாவே போட்டுடட்டா?"

பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை. "எத்தனை தடவைதான் சொல்றது உனக்கு" என்றாள். "பச்சையா."

"சரிக்கா."

திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்னாசியும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்தபோது அந்த வாசனை சமையலறையில் அடங்கி நிற்கவில்லை. கூடத்துக்குப் போயிற்று. கதவைச் சாத்தியிருக்கலாம், அவள் சாத்தவில்லை. பெரியவளின் மூக்கு ஒருமுறை விரிந்தது. கண் திறந்தது. சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா, வலிக்குதா?" என்று அத்தான் கேட்டார்.

வெந்த பழத்தை ஆறவைத்து, பாகில் பிஸ்கட்டை நனைத்து அடுக்கினாள் சின்னவள். மேலே கிரீம், அதற்கு மேலே பழம், மறுபடி பிஸ்கட். தட்டை ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் பயம் வந்தது. இறுகுவதற்கு நேரம் வேண்டும். அக்காவின் மூச்சோ விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அக்கா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எதற்காக என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது கிடைத்த பதில் நல்ல பதில் இல்லை. சாகப் போகிறவளை ஜெயிக்க நினைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே போய்ப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

வெயில் தாழ்ந்தபோது கத்தியை இறக்கினாள். வெட்டின இடம் அப்படியே நின்றது. அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் கனவு கண்ட துண்டு அது. பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அத்தான் மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் ஒரு துவாலையை நெஞ்சின் மேல் விரித்தாள். சின்னவள் ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து அக்காவின் வாயில் வைத்தாள். பெரியவள் அதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். ஒரு வாய் விழுங்க அவ்வளவு பாடு.

"யாரு சொன்னது?" என்றாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தானுக்கு விளங்கவில்லை. "என்ன கேக்கறா?" என்றார்.

"எப்படி இருக்குக்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா, சின்னவளால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை களைப்பு மட்டும்தான் இருந்ததோ என்னவோ.

"இனிமே உன்னைத்தான் கேப்பாங்க" என்றாள். அடுத்த ஸ்பூன் வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் மூச்சு நின்றது.

மறுநாள் அவளை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்துவிட்டு ஆட்கள் வீடு திரும்பினார்கள். கட்டிலை அப்புறப்படுத்திவிட்டுச் சோபாவைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். பசி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் வந்த சொந்தக்காரர்களில் ஒருவர், எல்லோரும் பெரியம்மா என்றே கூப்பிடுகிறவர், குழந்தைகளுக்குப் பால் இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஃபிரிட்ஜைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வந்து பாருங்களேன். பெரியவ புட்டிங்."

கண்ணாடித் தட்டு மேசைக்கு வந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு துண்டு எடுத்திருந்தது. முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு பெரியவர்களும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். வாயில் வைத்த உடனே பெரியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அதே கை. அதே ருசி. போற நேரத்துலயும் நமக்காகச் செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கா பாரு" என்று அழுதுகொண்டே சாப்பிட்டார். எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவள் எப்படி இதைச் செய்திருக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியம்மா ஸ்பூனை நக்கிவிட்டுப் பெரியவளின் மகளைப் பார்த்தார். "உங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாளே. எனக்கும் எப்படின்னு சொல்லு கண்ணு. அவளோட போயிடக் கூடாது."

"சித்தி செஞ்சது பெரியம்மா" என்றாள் அவள். "சித்தியைக் கேளுங்க."

"அவளா?" பெரியம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. "கசப்புச் சித்தி செஞ்சா இப்படியா வரும்? படுத்த படுக்கையிலயே உங்கம்மா ஒவ்வொண்ணா சொல்லியிருப்பா. ஒரு தடவையாவது அக்கா பேச்சை ஒழுங்கா கேட்டிருக்கா, வந்துடுச்சு. அப்படித்தானேடி?"

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். பெரியவளின் மகளும் பார்த்தாள். நேற்று அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது. அவளுக்கு அம்மா போய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தைதான். சின்னவளின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆமா பெரியம்மா" என்றாள். "அக்கா சொன்னபடிதான் செஞ்சேன்."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசித் துண்டில் யாரோ ஸ்பூனை வைக்கப் போனபோது அத்தான் கையை நீட்டித் தடுத்தார். அன்றைக்கு அவர் பேசின முதல் பேச்சு அதுதான். "அதை விட்டுடுங்க. எனக்கு வேணும்." சமையலறையிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்றை அவரே எடுத்து வந்தார். துண்டு உடையாமல் அதில் இறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

"இதை ஃபிரீசர்ல வைம்மா" என்று சின்னவளிடம் கொடுத்தார். "மேல பேர் எழுதி ஒட்டிடு. தெரியாம யாராவது எடுத்துத் தின்னுடப் போறாங்க."

சின்னவள் டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் அதை ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. மேசை இழுப்பறையில் பேனாவைத் தேடி எடுத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தை மூடியின் மேல் ஒட்டி, அக்கா என்று எழுதினாள். மூடி வியர்த்திருந்ததால் காகிதம் நனைந்து எழுத்து கலைந்துவிட்டது. அதை உரித்தெடுத்துவிட்டு, மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, வேறு காகிதம் ஒட்டி, கொஞ்சம் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினாள்.