உயிரோடு அறுத்தது

சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து இன்னும் எழும்பவில்லை. அண்டாவில் தண்ணீர் கொதித்தது. அதாவுல்லா கோழியின் சிறகிரண்டையும் இடக்கையில் மடக்கிப் பிடித்து, இறைவன் பெயரைச் சொல்லி, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். உதறி அடங்கியதை அம்சா எடுத்து வெந்நீரில் முக்கினாள். மற்றப் பெண்கள் சூடு ஆறுமுன் இறகு பிடுங்கினார்கள். எல்லோருக்கும் விரல் நுனி வெந்து வெளுத்து, நகக்கண்ணில் சீழ் கட்டியிருந்தது. ஏழு மணி ரயிலில் இருநூறு கோழி பட்டாளக் கேம்புக்குப் போயாக வேண்டும்.

கேம்பில் முஸ்லிம் சிப்பாய்கள் அதிகம். ஆகவே காண்டிராக்டர் வேதாசலத்தின் ஒவ்வொரு கூடையோடும் ஒரு சீட்டுப் போகும். 'உயிரோடு அறுத்தது' என்று எழுதி, கீழே அதாவுல்லாவின் கைநாட்டு. அது இல்லாத கூடையைக் கேம்பில் வாங்கமாட்டார்கள்.

பத்து நாளாகக் கொட்டகையில் சீக்கு. கோழிகள் கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, நின்றபடியே சாய்ந்தன. பிறகு இறகு பிடுங்கியவர்களுக்கு ஜுரம் வந்தது. அவர்களில் தமயந்தி மூன்றாம் நாள் மூச்சு முட்டிச் செத்தாள். இப்போது அதாவுல்லாவின் மனைவி ரம்ஜான் பீ, கொட்டகைக்குப் பின்னால் வேதாசலம் கொடுத்த குடிசையில், விலா இழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சுகாதார அதிகாரி வராமல் இல்லை. வேதாசலத்தின் வீட்டில் சாப்பிட்டார். கொட்டகையை வாசலோடு பார்த்தார். வேலையாட்கள் வளர்க்கும் குடிசைக் கோழிகளிடமிருந்துதான் சீக்கு பரவுகிறது என்று எழுதினார். அன்றே குடிசைக் கோழிகள் அத்தனையையும் அடித்துப் புதைத்தார்கள். ரம்ஜான் பீயின் அடைக்கோழி போன குழியிலேயே அதன் முட்டைகளும் போயின. ஓட்டுக்குள் குஞ்சு கீச்சிடுவது மண் மூடும்வரை கேட்டது. கொட்டகைக் கோழிமேல் ஒரு கை படவில்லை.

நூற்று நாற்பதோடு உயிருள்ள கோழி தீர்ந்தது. வேதாசலத்தின் ஆள், விறைத்துக் கிடந்த அறுபதைக் கொண்டுவந்து கொட்டினான்.

"இதுங்களுக்கும் கத்தி போடு பாய். கேம்புல கழுத்தத்தான் பாக்கறான்," என்றார் வேதாசலம்.

"செத்ததுங்க, மொதலாளி."

"நேத்து மட்டும் உசுரோடவா இருந்துச்சி?"

பெண்களின் கைகள் நின்றன. அம்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து பத்துக்குப் போட்டன், அம்சா," என்றான் அதாவுல்லா. "பீவிக்கு டாக்டர அனுப்பறன்னு சொன்னாரு. நீங்க புடுங்குனதுல அதுங்களும் இருந்துச்சி."

அம்சா தன் விரல்களைப் பார்த்தாள். அவனைத் திட்டுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வேதாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் வந்தாருங்களா?"

"கூடைங்க போவட்டும், வருவாரு. இல்லன்னா குடிசய காலி பண்ணச் சொல்லு. சீக்காளிய ஊருக்கு வெளிய போடச் சொல்லித்தான் உத்தரவு. நீ கத்தி போடலன்னா பாய், ஃபக்ருதீனுக்கு ஆள் அனுப்பிட்டன். வந்துகினு இருக்கான்."

ஃபக்ருதீன் ரம்ஜான் பீயின் தம்பி. கடைத்தெருவில் கறி வெட்டுகிறவன். வந்ததும், "அக்கா எப்டி இருக்குது, பாவா?" என்றான். குடிசையிலிருந்து வந்த இழுப்புச் சத்தமே சொல்லிற்று. உள்ளே போனவன் திரும்பி வந்து, குவியலில் ஒன்றை எடுத்துக் கொண்டையை அழுத்திப் பார்த்தான். பிறகு அதாவுல்லாவின் கத்திக்குப் பக்கத்தில் தன் கத்தியை வைத்தான்.

"நான் போட மாட்டங்க."

அம்சா ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். அடுப்பு சீறி அணைந்தது.

ரம்ஜான் பீயைக் கட்டிலோடு தூக்கினார்கள். முன்னால் அதாவுல்லாவும் ஃபக்ருதீனும், பின்னால் அம்சாவும் இன்னொருத்தியும். அதன் பின்னே, இறகு பிடுங்காத செத்த கோழிகளைக் கூடை கூடையாகத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள். ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு, கூடைகளைத் தாலுகா ஆபீஸ் வாசலில் இறக்குவதென்று பேச்சு. சீக்கு எந்தக் கோழிக்கு என்று அங்கே யாராவது சொல்லட்டும்.

"வெளிய போனவங்க யாரும் திரும்பி உள்ள வரக் கூடாது," என்றார் வேதாசலம்.

ஒருவரும் நிற்கவில்லை. ஏழு மணி ரயில் ஊதிவிட்டுக் கூடையில்லாமல் போயிற்று. அதாவுல்லா பத்தடிக்கொரு முறை தலையைத் திருப்பி மூச்சுக் கேட்டான். இருந்தது. ஆஸ்பத்திரி இன்னும் ஒரு மைல். கூடை சுமந்த ஒருத்தி அதை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தோள எடு பாய்," என்றாள். "நான் புடிக்கறன். நீ கத்தி புடிக்கற கை அது, மரத்துப் போவப் போவுது."