கரடி கட்டிய பட்டை

கூவைமலையில் ஒரு விலங்கின் கழுத்தில் பட்டை கட்டி அதன் நடமாட்டத்தை ஆராய்கிறவர், அந்த விலங்கு கட்டும் பட்டையைத் தம் கழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெகுகாலமாக அப்படித்தான்.

கோமதி ஒரு தாய்க்கரடிக்குக் கட்டினாள். முதுகில் இரண்டு குட்டிகளைச் சுமந்து திரிகிற கரடி. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது முறை. கோமதி தன் விரலை விட்டுப் பார்த்துக் கட்டினாள். கரடியும் தன் விரலை விட்டுப் பார்த்துத்தான் கட்டியது. அதனால் கோமதியின் பட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அவள் குறை சொல்லவில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உச்சிவெயிலில் கரடி என்ன செய்கிறது? வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, பட்டை இருக்குமிடத்தைக் காட்டும் கரடியின் புள்ளியையே கண்கொட்டாமல் பார்த்தாள். அவள் கணவன் இசக்கி தட்டைக் கொண்டுவந்து வைப்பான், ஆறிப்போனதும் எடுத்துப்போவான். தனக்குப் பேச்சுத் துணை அடுப்படிப் பல்லிதான் என்று அலுத்துக்கொள்வான். அது அவள் காதில் ஏறாது.

ஒருநாள் புள்ளி நகரவேயில்லை. பட்டை நெடுநேரம் அசையாதிருந்தால் விலங்கு இறந்துவிட்டதாகத் தகவல் வரும். வந்தது. குட்டிகள் இன்னும் கரையான் புற்று தோண்டப் பழகவில்லை, தாயில்லாமல் பிழைக்காது. கோமதி பட்டையை எடுத்துவர மலையேறினாள்.

பாதி வழியில், ஓடைக்கரையில், கரடி எதிரே இறங்கி வந்தது.

"நீ செத்துட்டதா தகவல் வந்துது," என்றாள் கோமதி.

"எனக்கும் அப்படித்தான் வந்துது," என்றது கரடி.

உச்சிவெயிலில் அது செய்வதும் அதுதான்: குகையில் உட்கார்ந்து கோமதியின் புள்ளியைப் பார்ப்பது. ஒருவரையொருவர் அசையாமல் பார்த்ததில் இருவருமே இறந்துபோயிருந்தார்கள். கோமதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இறப்புத் தகவல் வந்தால், கட்டியவர் பட்டையைக் கழற்றி எடுத்துப்போக வேண்டும். கழற்றினார்கள். வெறும் பட்டையைக் கையில் வைத்திருப்பது முறையல்ல. எனவே அவள் கழற்றியதை அவளும், அது கழற்றியதை அதுவும் போட்டுக்கொண்டார்கள். இனி அந்தந்தப் பட்டை முன்பு எங்கே திரிந்ததோ அங்கேயே திரிந்தால்தான் ஆராய்ச்சி கெடாது.

கரடி கோமதியின் வீட்டுப் பக்கம் இறங்கியது. கோமதி பின்னாலேயே போய் வேலியோரம் நின்று பார்த்தாள். இசக்கி கதவைத் திறந்தான்.

"இப்பதான் வீட்டு நெனப்பு வந்துதாக்கும். சோறு ஆறிட்டு, உக்காருட்டி."

கரடி உட்கார்ந்தது. அன்று நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவனிடம் சொல்ல ஆரம்பித்தது. இசக்கி முகம் மலர்ந்து கேட்டான். கோமதிக்குச் சுருக்கென்றது. ஆனால் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் மறுபடி இறப்புத் தகவல் போய்விடும். நடையைக் கட்டினாள்.

குகை வாசலில் குட்டிகள் பசியோடு காத்திருந்தன. அவள் குனிந்தாள். இரண்டும் வழக்கம்போல் முதுகில் ஏறிக்கொண்டன. புற்றுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவளுக்கு மனப்பாடம்.