ஒரு லொறி வயிற்றுவார்

1

கற்பூரம் கொளுத்தி, அதன்மேல் கையைப் பிடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. காற்புள்ளிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. இந்தக் கதை மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கிக்கு முன்னால், கால் ஆடுகிற ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

வாவிக்கு மேலே சூரியன் மெல்ல—

வேண்டாம். வாவிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மறுபடி.

2

கிரானில் வேளாண்மை செய்கிற சீனித்தம்பியின் பெண்சாதி பத்தினிப்பிள்ளை ஒரு காலையில் இரத்தமாக வாந்தி எடுத்தாள். வயிற்றுப்புண்.* ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு ஓ நெகட்டிவ் என்றார்கள். நூறு பேரில் ஒரு சிலருக்குத்தான் அந்த வகை. கையிருப்பில் இருந்த ஒரே பையையும் ஏற்றியாகிவிட்டது. பொழுதுபட முன் இன்னும் ஒன்று வேண்டும்.

"சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்க ஐயா" என்றாள் இரத்த வங்கியில் வேலை செய்யும் முப்லிஹா. காத்தான்குடி ஊர் முஸ்லிம் பிள்ளை.

எந்தச் சொந்தம்? எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். ஒரே தாய்வழியில் வந்தவர்களுக்கு வயிற்றுவார் என்று பேர். கலியாணம் வேறு குடியில்தான் செய்யலாம். ஆகவே முப்பத்தொரு வருஷம் பெண்சாதி வீட்டில் ஒரே பாயில் படுத்தாலும் புருஷன் பிற குடிதான்; கோயில் திருவிழாவில் அவளுடைய குடிக்குரிய நாளில் அவன் தள்ளி நிற்கவேண்டியதுதான். சீனித்தம்பி யோசித்தார்: குடி தாய்வழி என்றால் இரத்தமும் தாய்வழியாகத்தானே இருக்கும்?

மைத்துனனுக்கு ஃபோன் எடுத்தார்.

"வேலன், உங்கட குடியில ஒரு ஆள் மிச்சம் விடாம ஏத்திக்கொண்டு வா!"

* ஓ வகைக்காரருக்கு வயிற்றுப்புண் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நுளம்புக்கும் அந்த இரத்தம்தான் விருப்பம் என்று வேறு சிலர். கிரான் நுளம்பு வகை பார்ப்பதில்லை. எந்தக் குடி என்று மட்டும் கேட்டுவிட்டுக் குத்தும்.

3

நெல் ஏற்றுகிற லொறியில் நாற்பத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். [முதலில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தேன். குறைத்தது வாசகருக்காக, லொறிக்காக அல்ல.] சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ஓட்டமாவடி முஸ்லிம் ஆட்கள் இரண்டு பேரும் தெரியாத்தனமாக ஏறியிருந்தார்கள். வந்ததற்கு அவர்களும் கையை நீட்டினார்கள்.

ஓ பாசிட்டிவ், ஏ பாசிட்டிவ், பி பாசிட்டிவ். நெகட்டிவ் என்று ஒரு குஞ்சு இல்லை.

முப்லிஹா வாங்கில் இருந்த சீனித்தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ரத்தம் பாக்கல்லியா ஐயா?"

"நான் வேற குடி, பிள்ள."

"எங்களுக்கும் குடி இருக்கு ஐயா. அது உம்மாவால வாறது. ரத்தம் உம்மா, வாப்பா ரெண்டு பேராலயும் வாறது. கையை நீட்டுங்க."

வேலனுக்குச் சிரிப்பு. "அத்தான், முப்பத்தொரு வருஷமா எங்கட வீட்டுச் சோத்தத்தானே திண்டிருக்கீங்க? உங்களுக்குள்ள ஓடுறது எங்கட ரத்தம்தான். நீட்டுங்க கையை!"

சீனித்தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

4

இந்த இடத்தில் எனக்குச் சீனித்தம்பியில் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே பெண்சாதி வெளிறிக் கிடக்கிறாள். இந்த மோட்டு மனிசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே? திருத்தப் பார்த்தேன்.

ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே—

இல்லை. ஊசிக்குப் பயந்த ஆள் இல்லை. வயலில் பாம்பு கடித்தபோது, கடித்துக் களைத்த பாம்புக்குத் தண்ணீர் வைத்தவர். அவருக்குப் பயம் வேறு. கோயிலில் தள்ளி நில் என்றால் நிற்கலாம், பழகிவிட்டது. அவளுக்குத் தேவைப்பட்ட ஒரே நாளில், தன்னுடைய இரத்தமும் "நீ பிறத்தி" என்று சொல்லிவிட்டால்? அதைக் காதால் கேட்டுவிட்டு எந்த முகத்தோடு அவள் கிடக்கிற வாட்டுக்குள் போவது?

கடைசியில் நீட்டினார்.

5

முடிவு ஒன்று. சீனித்தம்பிக்கும் ஓ நெகட்டிவ். நாற்பத்துமூன்று பேரும் வாயில் கை வைத்தார்கள். இரத்தம் ஏறியது, பத்தினிப்பிள்ளை கண் முழித்தாள்.

"ஆர்ர ரத்தம்?"

"என்ட."

"அப்ப நீங்களும் இனி எங்கட குடிதான். வாற திருவிழாவில என்னோட வந்து நில்லுங்க. ஆராவது கேட்டா நான் பேசிக்கொள்றன்."

முடிவு இரண்டு. பின்னேரம் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து குளிர்ப்பெட்டியில் ஒரு பை வந்தது. பையில் பேர் இல்லை, இலக்கம் மட்டும். தந்தது ஆர், எந்தக் குடி, கோயிலுக்குப் போகிற ஆளா, பள்ளிவாசலுக்குப் போகிற ஆளா, ஒன்றும் தெரியாது. பத்தினிப்பிள்ளை கண் முழித்தாள். "ஆர்ர ரத்தம்?" என்று கேட்டாள். சீனித்தம்பி அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு—

[இதற்குமேல் எழுதவில்லை.]

இரண்டிலும் அவள் பிழைக்கிறாள். அதில் ஒருவரையும் கை வைக்க விடமாட்டேன். மிச்சத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள். எனக்கு முதலாவதுதான் விருப்பம்; அதை மட்டும்தான் கடைசிவரை எழுத முடிந்தது.

சீனித்தம்பி என்பது நான்தான். என் இரத்தம் பி பாசிட்டிவ்.