மூன்று நொடி

...ஒரு வேளை மாத்திரைதானே, விட்டால் குடியா முழுகிவிடும் என்று நேற்று நான்தான் தங்கையிடம் சொன்னேன், இப்போது அவள் இந்த ஈஈஜி கட்டிலில் அடித்துப்போட்டதுபோல் கிடக்கிறாள், தலையெல்லாம் நான் ஒட்டிய ஒயர்கள், கடிபட்ட உதட்டில் ரத்தம், என் மடியில் படிவம், அதில் ஒரு கட்டம் மட்டும் காலி: கடைசி மாத்திரை எப்போது? டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்று பதினோரு வருஷ டெக்னீஷியன் வேலையில், வருகிறவர்களிடமெல்லாம் கிளிப்பிள்ளையாய் ஒப்பிக்கிறவன், ஊருக்குத்தான் உபதேசம்... மூன்று வருஷமாக அவளுக்கு வலிப்பு இல்லை, இன்று மூளை அலைக் கோடுகள் சுத்தமாக வந்தால் மருந்தைக் குறைக்கலாம், வண்டி ஓட்டலாம் என்று முன்பே சொல்லியிருந்தார் டாக்டர், அவள் குதித்தாள். நானோ, நோய் உள்ளே பதுங்கியிருக்கிறது, மாத்திரையை விட்டால் வெளியே வரும் என்று நினைத்தேன்... நினைத்தேனா, இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேனா? எங்கே போனாலும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறவன் நான், அவளே ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் என்னை யார் தேடுவார்?

ஒரு நரம்பணுவிடம் ஆயிரம் அணுக்கள் பேசுகின்றன, சில கிளம்பு என்கின்றன, சில சும்மா இரு என்கின்றன, கூட்டிக் கழித்து எல்லையைத் தாண்டினால்தான் அது துடிக்கும், பாதித் துடிப்பு என்பதே கிடையாது. மாத்திரை சும்மா இரு கட்சி. அந்தக் கட்சியின் வாயைப் பொத்திவிட்டு, கண்ணெதிரே பளிச் பளிச்சென்று சோதனை விளக்கையும் அடித்தேன், திரையில் வலிப்பின் கூர்முனைகள் கிளம்பியதுமே அணைத்திருக்க வேண்டும், விதியும் அதுதான், இன்னும் மூன்று நொடி விட்டுவைத்தேன்.

"அண்ணா... வந்துடுச்சா?"

"ம்."

"அப்போ வண்டி அவ்ளோதானா?" நான் அவள் தலையில் ஒயர் ஒட்டிய பசையைத் துடைக்கிறேன். "மாத்திரை விட்டதால இருக்கும்ல? டாக்டர்கிட்ட சொன்னியா?"

சொல், சொல் என்று உள்ளே அத்தனை குரல்கள், வேலை போய்விடும் என்று ஒரே ஒரு குரல், அந்த ஒன்று எல்லாவற்றையும் அமுக்குகிறது... "இனிமேதான் சொல்லணும்."

"நீ சொல்லிடுவே, எனக்குத் தெரியும்," என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். நம்புகிறாள், பாவி நான். சரி, எழுதிவிடலாம், போனால் வேலைதானே போகும், ஆனால் என்னைக் குடைவது அது இல்லை, அந்த மூன்று நொடி. கோடுகள் துள்ளின, அவள் கை இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை, பயமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது... பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று ஒரு சந்தோஷம். சின்னதுதான். ஆனால் சந்தோஷம்.