பந்தலுக்கும் ஆற்றுக்கும் நடுவே

1

இந்தக் கதை என்னுடையதல்ல. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது சாவித்திரி சொன்னது. அவள் கணவர் துறைமுகத்தில் இன்ஜினியர். ஆதிகங்கை என்கிற பழைய கங்கைக் கிளையின் கரையில், தரைத்தள வீட்டில் குடியிருந்தார்கள். பெருமழை பெய்தால் கரை சரிந்து தண்ணீர் சமையலறைக்கே வந்துவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் கறுத்தது. ஆறு சீறிக்கொண்டு…’

(வேண்டாம். அந்த ஆறு சீறாது. சாக்கடை நாற்றத்தோடு மெதுவாகப் படியேறி வரும்.)

2

கரையில் மருதமும் புங்கையும் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று சாவித்திரி தெருவையே திரட்டினாள். ஒரே சிக்கல்: நட வேண்டிய இடத்தில்தான் தெருக் கிளப்காரர்கள் துர்கா பூஜைப் பந்தல் போடுவார்கள். தெருக் கூட்டத்தில் கிளப் செயலாளர் ஸ்மிதா சம்மதிக்கவில்லை.

‘ஸ்மிதா கண் சிவக்கக் கத்தினார்’ என்று எழுதி, சாவித்திரியிடம் படித்துக் காட்டினேன்.

“அவங்க கத்தவே இல்லை. கத்தினது நான்தான்” என்றாள்.

ஆகவே திருத்தம். ஸ்மிதா நிதானமாக, வங்காள மொழியில் கேட்டார்: “நீ ரெண்டு வருஷத்துல மாற்றலாகிப் போயிடுவே. துர்கா மா வருஷாவருஷம் வருவா. அவளை எங்கே உட்கார வைக்கிறது?”

“தண்ணியும் வருஷாவருஷம் வருது, தீதி!” என்று அக்கா முறை வைத்தே கத்தினாள் சாவித்திரி.

கூட்டம் அத்தோடு கலைந்தது.

3

இங்கே ஒரு வெள்ளத்தை வரவழைத்து ஸ்மிதாவின் மனத்தை மாற்றியிருக்கலாம். (மலிவான உத்தி. தவிர, அவர் வீடு மாடியில்.)

நடந்தது வேறு. மறுநாள் காலை ஸ்மிதாவே வந்து சாவித்திரி வீட்டுக் கதவைத் தட்டினார்.

“போன வருஷம் பந்தல் மூங்கில் ஒரு பக்கம் மண்ணோட இறங்கிடுச்சு. பயந்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை. இந்தத் தடவை தெருவோரமா, சின்னதாப் போட்டுக்கலாம். ஆனா நீ போன அப்புறம் யார் தண்ணி ஊத்துவா?”

“தெரியலை, தீதி” என்றாள் சாவித்திரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நட்டார்கள்.

4

பூஜை முடிந்ததும் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்பும்போது சாவித்திரி என்னிடம், “கன்னெல்லாம் பொழைச்சுண்ட மாதிரி முடிச்சுடுங்கோ” என்றாள்.

முடிவு அ: மரங்கள் ஓங்கி வளர்ந்து, தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட…

முடிவு ஆ: அடுத்த செயலாளர் பெரிய பந்தலுக்கு ஆசைப்பட்டு…

(இரண்டையும் அடித்துவிட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த மழைக்குக் கரை ஓரிடத்தில் மட்டும் சரிந்தது. அங்கிருந்த கன்றுகள் போய்விட்டன. நான் போய்ப் பார்த்தபோது, ஸ்மிதா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு புதுக்கன்று வைத்துக்கொண்டிருந்தார்.

“எழுத்தாளரே, சும்மா நிக்காதீங்க. இதைப் பிடிங்க.”

வாங்கிக்கொண்டேன். எனக்கு இப்போது கை ஒழியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.