மருந்தா, பயமா?

எனக்கு வாய் நீளம்தான், ஒத்துக்கிறேன். ஆனா என் கை எலிகளுக்குப் பழகின கை. ஆய்வுக்கூடத்துல அதுகளைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை. ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற புது மருந்தைப் பாதி எலிகளுக்குக் கொடுப்போம், மீதிக்கு வெறும் தண்ணி. எலியைச் சின்னக் குழாய்க்குள்ள விட்டு, வாலை வெதுவெதுப்பாக்கி, பட்டை மாட்டினா அழுத்தமும் இதயத்துடிப்பும் திரையில வரும். பயந்த எலிக்குத் துடிப்பு கண்டபடி ஓடும். அதனால முதல்ல குழாய்க்குப் பழக்கிட்டுத்தான் அளக்கவே ஆரம்பிப்போம்.

மருந்து குடிச்ச எலிகளுக்கு அழுத்தம் அழகா இறங்கிச்சு. துடிப்புதான் தறிகெட்டு ஏறிச்சு.

மேலதிகாரிகிட்ட போய்ச் சொன்னேன். இடி விழுந்தாலும் குரலை உயர்த்தாத மனுஷன். நாங்க வச்ச பேர் ஐஸ்கட்டி.

"பயந்திருக்கும்மா. நீங்க போடற சத்தத்துக்கு நானே பயப்படறேன்"னு சிரிச்சார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "சார், தண்ணி குடிச்ச எலிக்கும் இதே வாய், இதே கைதானே? அது ஏன் பயப்படலை?"

"பொறுமை வேணும்மா. இன்னொரு தடவை அளந்து பாருங்க."

பொறுமையாம்! என் அண்ணன் இதே மருந்தை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற சோதனையில சேர்ந்திருக்கான். அவன் டப்பாவுல இருக்கிறது நிஜ மாத்திரையா, வெறும் மாவான்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுபடி அளந்தேன், வாயே திறக்காம. தண்ணி எலி ஒண்ணு குழாய்க்குள்ளேயே தூங்கிப்போச்சு. பக்கத்துல மருந்து எலியும் சொகுசாத்தான் கிடந்தது. கண்ணு அரை மூடி, மீசைகூட ஆடலை. துடிப்பு மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது.

முடிவை ஐஸ்கட்டி மேஜையில வச்சுட்டு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"எங்கே அந்த டப்பா? கையை நீட்டு முதல்ல!"

மணிக்கட்டைப் பிடிச்சேன். விரலுக்கடியில படபடன்னு ஓடிச்சு.

"அடியே பட்டாசு, நீ இப்படி வந்து நின்னா எவனுக்குத்தான் அடிச்சுக்காது? பிரஷர் நல்லா இறங்கியிருக்குன்னு டாக்டரே பாராட்டினார், தெரியுமா?"

பிடிச்ச கையை விடாம, எலிகளோட உட்கார்ற மாதிரி சத்தமில்லாம அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கிண்டல் பண்ணான். "என்னடி, உனக்கு உடம்பு சரியில்லையா?"ன்னான். அப்புறம் அவனுக்கும் பேச்சு ஓய்ஞ்சது. தலையை நாற்காலியில சாய்ச்சான், கண்ணு சொருகிச்சு. லேசா குறட்டைகூட வந்தது.

விரலுக்கடியில ஓட்டம் குறையலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அண்ணா, எழுந்திரு." இவ்வளவு மெதுவா நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. "அது மாவு இல்லை."