உக்காந்து தடு

வீடியோ கேமின் இரண்டாவது கண்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது அதற்கு எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்றுகூடப் பிரின்ஸிக்குத் தெரியவில்லை. பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த கணவன் டிக்சன் திரும்பிப் பார்த்தான். "நானும் ஆடட்டுமாங்க?" என்றாள். அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

டிக்சன் மலையில் அட்டுவம்பட்டிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீசியன். அங்கே விளையாட்டு அறைக்குப் புது கேம் பெட்டி வாங்கியபோது பழையதை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரே ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. அது வீட்டுக்கு வந்தது மார்கழியில். பிள்ளை போனது அதற்கு முந்தின ஐப்பசியில்.

பிரின்ஸிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. மலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கீழே வத்தலக்குண்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். விடாத மழை. மரம் விழுந்து மலைப்பாதை அடைத்துக் கிடந்தது. மரத்தை வெட்டி நகர்த்துவதற்குள், டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில், நின்ற ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிரசவமாகிவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை. நினைவில்லாமல் கிடந்த பிரின்ஸியைக் காப்பாற்றுவதிலேயே கூட வந்த நர்ஸுக்குக் கை ஓயவில்லை. பிள்ளையை டிக்சன்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றி, வத்தலக்குண்டு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனான். அவளுக்கு நினைவு திரும்பியபோது அடக்கமும் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவன் பேச்சு வற்றிப்போனது. கோபம் இல்லை. கோபம் இருந்தால் பரவாயில்லை என்று அவள் பல நாள் நினைத்திருக்கிறாள். கேஸ் வந்ததா, தண்ணி விட்டானா, இவ்வளவுதான். வேலை முடிந்து வந்து, காலைக் கழுவி, டீயைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். மாமியார் சூசையம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏட்டி, அந்தச் சனியனத் தூக்கிக் கெடாசு. புருசனக் கண்ணெதிர்ல முழுங்கிக்கிட்டு கெடக்கு, நீ பாத்துக்கிட்டு நிக்க" என்றாள். எறிந்துவிட்டால் அவன் பார்க்க வெறும் சுவர்தான் இருக்கிறது என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அந்த முதல் ஆட்டம் அவள் தன் ஆளைத் திரையில் கண்டுபிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நீலப் பாவாடை கட்டிய தடித்த பெண் ஒருத்தியை அவள் எடுத்திருந்தாள். அவனுடைய ஆள் கையில் துணி சுற்றிய ஒல்லிக்குச்சி குத்துச்சண்டைக்காரன். நீலப் பாவாடைக்காரி மல்லாந்து கிடந்தாள். "அவ்வளவுதானா?" என்றாள் பிரின்ஸி. "ம்." அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் அவள் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக இருக்கிற பட்டனையெல்லாம் மாறி மாறி அமுக்கினாள். நீலப் பாவாடைக்காரி காற்றை உதைத்தாள், எதிராளி இல்லாத பக்கம் குத்தினாள், அடி வாங்கி விழுந்தாள்.

"எல்லாத்தையும் போட்டு அமுக்காத," என்றான் டிக்சன். "ஏதாச்சும் ஒண்ண அமுக்கு. அவன் என்ன செய்யுறான்னு மொதல்ல பாரு. அப்புறம் அடிக்கலாம்."

இத்தனை வார்த்தைகளைச் சேர்த்து அவன் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. அவன் குரல் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி தோற்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாயில் அவள் இடம் அவளுக்கென்று ஆயிற்று. பகலில் அவள் வேலை பார்க்கும் பள்ளி விடுதியில் துணி தேய்க்கும்போது அவன் சொன்னதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "பின்னாடி இழுத்துப் பிடி, அடி தானா நிக்கும்." "கீழ வருது, உக்காந்து தடு." "எந்திரி, எந்திரி, இப்ப மேலேருந்து வாரான்." சட்டைக் கையை நீவும்போது இடது கட்டைவிரல் தானாகப் பின்னால் போகும். விரல் நுனி கன்றி, வலித்து, பிறகு காய்த்துப்போனது. குதித்து வருகிறவனைக் காத்திருந்து அடிக்க முதலில் அவளால் முடியவே இல்லை. பயத்தில் முந்திவிடுவாள், இல்லாவிட்டால் பிந்திவிடுவாள். "பதறாத," என்பான். "பெரிய அடி அடிச்சவன் கையத் திருப்பி எடுக்க நேரமாகும். அதுக்குள்ள வெரசா ஒண்ணு குடுத்துரு." அப்படிச் சொல்லும்போது அவன் தோள் அவள் தோளில் இடிக்கும். அவன் அதைக் கவனிப்பதில்லை. அவளுக்கு அது ராத்திரி தூங்கும் வரைக்கும் இருக்கும்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இப்படியே பேசப் பேச, பேச்சு பழகிவிடும். பழகிவிட்டால் ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. அவள் பெற்ற பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்த மனிதர்களில் பார்த்தவன் இவன் ஒருவன்தான். அந்த முகம் இவனுக்குள்ளே எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆடிப் பழகப் பழக அவளுக்கு ஆட்டம் வந்துவிட்டது. தவக்காலம் தொடங்கின வாரத்தில் ஒருநாள், அவன் குத்தைத் தடுத்து, அவன் கையை எடுப்பதற்குள் நீலப் பாவாடைக்காரி அவனைத் தூக்கித் தரையில் அடித்தாள். அந்தச் சுற்று அவளுக்கு. டிக்சன் அவளைப் பார்த்தான். "நல்லா ஆடுற," என்றான். அதோடு சரி. சொல்லிக்கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. அதன் பிறகு வந்த சாயங்காலங்களில் பட்டன் அமுங்கும் சத்தம் மட்டும்தான். அவள் தடுத்தாள், அவன் தடுத்தான். பேச்சு திரும்பவும் கேஸுக்கும் தண்ணிக்கும் போனது.

அதனால் அவள் மறுபடி ஒன்றும் தெரியாதவள் ஆனாள். கீழே அடி வரும்போது நின்றாள். குதித்து வந்தால் வாய் பார்த்தாள். "உக்காந்து தடுன்னு எத்தன வாட்டிதான் சொல்ல?" என்று அவன் சலித்துக்கொண்டான். அந்தச் சலிப்பு அவளுக்கு இனித்தது. "மறந்து மறந்து போகுதுங்க," என்றாள்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். டிக்சன் கீழே உதைத்தான். அவள் நின்றபடியே வாங்கினாள். மறுபடி உதைத்தான். இந்த முறை அவன் திரையைப் பார்க்கவில்லை, அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது பழக்கத்தில் கீழே போய், பிறகு அவசரமாக மேலே வந்தது.

"நீ வேணும்னே வாங்குற," என்றான்.

அவள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

"எதுக்கு, பிரின்ஸி?"

அவன் வாயில் அவள் தன் பெயரைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "தெரிஞ்ச மாதிரி ஆடுனா நீங்க பேச மாட்டேங்கிறீங்க," என்றாள். பிறகு, இப்போது விட்டால் இல்லை என்று தோன்றியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லிருங்க. நம்ம பிள்ள யாரு மாதிரி இருந்துச்சு? நான் மொகத்தப் பாக்கவே இல்ல. நீங்கதான பாத்தீங்க."

அவன் கண்ட்ரோலரைப் பாயில் வைத்தான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"நானும் பாக்கல," என்றான். "சுத்தித்தான் வச்சிருந்தேன். விலக்கிப் பாக்கத் தெம்பு வரல. அங்க போனதும் நர்ஸம்மா வாங்கிட்டாங்க. பெட்டியில வைக்கும்போது பாக்கச் சொன்னாங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்." பிறகு, "நீ என்னைக்காச்சும் கேப்பன்னு எனக்குத் தெரியும்," என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய்யாக இருக்கக்கூடாதா என்று தேடினாள். இல்லை. இத்தனை நாள் எதை நோக்கி ஒவ்வோர் அடியாக வாங்கி வந்தாளோ, அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். உன் மூக்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

டிக்சன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

பிரின்ஸி பாயிலேயே இருந்தாள். திரையில் புதிய சுற்று ஒன்று தொடங்கியிருந்தது. நீலப் பாவாடைக்காரியும் கையில் துணி சுற்றியவனும் எதிரெதிரே முஷ்டியை உயர்த்தியபடி நின்று, தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் தொடவில்லை. மேலே நேரம் காட்டும் எண்கள் குறைந்துகொண்டே வந்து தீர்ந்தன. மணி அடித்தது. இருவரும் பழைய இடத்துக்கே போய், மறுபடி முஷ்டியை உயர்த்தி நின்றார்கள்.